இறக்கி வைத்த நட்சத்திரம்

பண்டிகைக்கு வீட்டை ஜோடிக்கப் பத்துக் கைகள் முன்வரும். முடிந்த பிறகு ஏணியைப் பிடிக்கக்கூட ஆள் கிடைக்காது! உங்கள் வீட்டிலும் இப்படித்தானே?

மார்கழியில் திருவண்ணாமலைக்கு வந்தால் ரமணாசிரமத்தை ஒட்டிய தெருக்களில் நடந்து பாருங்கள். ஒரு வாசலில் பூசணிப்பூக் கோலம். அடுத்த வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம். ஆருத்திரா தரிசனமும், புனர்பூசத்தில் ரமணர் ஜயந்தியும் அந்த நாட்களை ஒட்டியே வரும். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள். அதோடு நட்சத்திரத்தை இறக்கிக் குடிலையும் பிரித்துவிடுவது வழக்கம்.

எங்கள் தெருவில் ஓர் அம்மாள். அவருடைய கணவர் மூங்கில் சீவித் தம் கையாலேயே கட்டிய நட்சத்திரம் ஒன்று வீட்டில் இருக்கிறது. கட்டியவர் போய் நாலு வருஷமாகிறது. பிள்ளை புதிதாக ஒரு பிளாஸ்டிக் நட்சத்திரம் வாங்கி வந்தான். "இந்தக் குச்சியெல்லாம் இனி எதற்கு, அம்மா?" என்றான். அம்மாள் வாதாடவில்லை. "சரி, கட்டை அவிழ்த்துப் போடு" என்றார்.

பையன் உட்கார்ந்தான். மூலைக்கு மூலை இரட்டை முடிச்சு. சின்ன வயதில் அப்பா அவன் விரலைப் பிடித்துப் போடச் சொல்லிக் கொடுத்த அதே முடிச்சு! அவிழ்க்க மனம் வரவில்லை. பழைய வேஷ்டியில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டான்.

மலையைப் பாருங்கள். 2,668 அடி உயரத்தில் கார்த்திகை மகாதீபம் 11 நாள் எரிகிறது. பிறகு கொப்பரையைக் கீழே இறக்குகிறார்கள். அதோடு முடிந்ததா? அதில் படிந்த கரியை மையாக்கி, ஆருத்திரா தரிசனத்தன்று நடராஜருக்குச் சாத்திப் பக்தர்களுக்குப் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். ஜோதி அணைந்த பிறகும் நெற்றியில் இட்டுக்கொள்ள ஒரு துளி மிச்சம் இருக்கிறது.

கொலு வைக்கும் வீடுகளிலும் விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, மறுநாள்தானே எடுத்துக் கட்டுகிறோம்? எடுத்து வைப்பதும் பண்டிகையில் சேர்ந்ததுதான்.

ஆகவே, அடுத்த முறை ஜோடனையை இறக்கும்போது குழந்தைகளையும் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்ளுங்கள். எது பாட்டி வாங்கியது, எது அத்தை ஒட்டியது என்று சொல்லிக்கொண்டே மடியுங்கள். எல்லாவற்றையும் பரணில் சேர்க்க முடியாதுதான். கிழிந்ததைத் தாராளமாக எறியுங்கள். ஆனால் அதன் கதையைச் சொல்லிவிட்டு எறியுங்கள்!