இயற்கைச் சாயமும் வேதியியலே

கம்பளிச் சால்வைகளின் விற்பனைச் சீட்டுகளில் "இரசாயனம் கலவாத இயற்கைச் சாயம்" என்னும் வாசகம் இன்று அடிக்கடி காணப்படுகிறது. நன்னோக்குடன் எழுதப்படினும் வேதியியல் நோக்கில் இது பிழை. பிழை சொல்லளவில் நின்றிருந்தால் கேடில்லை. சாயமிடுவோரின் உடல்நலத்தையும் மலைச்சரிவில் வளரும் கொடியின் இருப்பையும் அது பார்வையிலிருந்து மறைத்துவிடுகிறது என்பதே சிக்கல்.

மஞ்சிட்டி இதற்குத் தக்க சான்று. இமயமலைச் சரிவுகளில் படரும் இக்கொடியின் வேரில் பர்பியூரின் முதலிய ஆந்த்ரகுயினோன் சேர்மங்கள் உள்ளன. வேரை வேகவைத்த நீரில் வெறுமனே ஊறிய கம்பளி மங்கலான நிறத்தையே பெறும். படிகாரத்தில் முன்னரே பதப்படுத்திய கம்பளியோ செழுஞ்சிவப்பாகும். காரணம், படிகாரத்திலுள்ள அலுமினியம். கம்பளி என்பது கெரட்டின் புரதம். அதன் கார்பாக்சில் தொகுதிகள் அலுமினிய அயனியைப் பற்றுகின்றன. அவ்வயனியோடு சாய மூலக்கூறில் அருகருகே அமைந்த ஆக்சிஜன் அணுக்களும் பிணைகின்றன. இழை, உலோகம், சாயம் ஆகிய மூன்றும் இணைந்த அணைவுச் சேர்மமே அந்தச் சிவப்பு. எனவே நிறமூன்றி எனப்படும் உலோக உப்பு வெறும் துணைப்பொருளன்று. நிறத்தின் ஒரு பாதி.

இழை மாறினால் முறையும் மாறும். செல்லுலோசாலான பருத்தி அலுமினியத்தை அவ்வளவு எளிதில் பற்றாது. சாயவேர்ச் சிவப்பில் தேர்ந்த தென்னிந்தியச் சாயக்காரர்கள் கடுக்காயின் டானினை முதலில் ஏற்றியது இதனாலேயே. பருத்தி தாங்கும் காரத்தைக் கம்பளி தாங்காது; புரதம் சிதைந்துவிடும். படிகாரத்திற்குப் பதில் அன்னபேதியைச் சேர்த்தால் அதே மஞ்சிட்டி கருஞ்சாயல் கொள்ளும். அளவு மிஞ்சினால் இழை நொறுங்கும். இவற்றையெல்லாம் கைப்பழக்கத்தால் அறிந்தவரை "இரசாயனம் அறியாதவர்" எனப் புகழ்வது, உண்மையில் அவர்தம் அறிவை மறுப்பதாகும்.

மறைக்கப்படும் மற்றொன்று நஞ்சு. பொட்டாசியம் டைகுரோமேட்டும் கம்பளிக்கு நல்லதொரு நிறமூன்றி. ஆனால் அதிலுள்ள ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் புற்றுநோய் விளைவிப்பது. சாயம் வேரிலிருந்து வந்தது என்ற ஒன்றையே அளவுகோலாக்கினால், குரோமியத் தொட்டியில் தோய்ந்த நூலும் "இயற்கை" என்னும் பெயரைப் பெற்றுவிடும். பிறப்பிடம் பாதுகாப்பிற்குச் சான்றாகாது. 1868-இல் கிரேபேயும் லீபர்மானும் நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த ஆந்த்ரசீனைக் கொண்டு ஆக்கிய அலிசரினும் ஐரோப்பிய மஞ்சிட்டி வேரின் அலிசரினும் ஒரே மூலக்கூறுதான்.

மூன்றாவது, செடி. ஆழ்ந்த சிவப்புக்குக் கம்பளியின் எடையில் பாதி முதல் அதே எடை வரை உலர்வேர் தேவைப்படலாம். வேரைத் தோண்டினால் கொடியும் போகும். ஆயுர்வேத மருந்துக்கும் இதே வேர் எடுக்கப்படுகிறது. பயிரிடாமல் காட்டிலிருந்தே எடுத்து ஈட்டும் சந்தையை இயற்கைக்கு இணக்கமானது எனல் தகாது.

இத்தகைய விளக்கங்கள் கைவினைஞரின் விற்பனையைக் குலைக்கும் என வாதிடுவோர் உண்டு. மெய் நேர்மாறானது. சில மாதங்களில் வெளுத்துப்போகும் மஞ்சள்கிழங்குச் சால்வையே வாங்குவோரின் நம்பிக்கையைக் குலைக்கிறது. ஒளியில் நிறம் நிலைப்பதை அளக்க 1 முதல் 8 வரை தரமிட்ட அளவுகோல் உண்டு; அவ்வளவுகோலே நீலச் சாயமிட்ட கம்பளித் துண்டுகளால் ஆனது. செடியின் பெயர், நிறமூன்றியின் பெயர், ஒளித்தர எண் ஆகிய மூன்றும் சீட்டில் இருந்தால் போதும். படிகாரத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில் இழிவேதுமில்லை.

கல்விக்கூடங்களுக்கும் இதில் பங்குண்டு. அணைவுச் சேர்மங்களைக் கோபால்ட், நிக்கல் உப்புகளைக் கொண்டே கற்பிக்கும் ஆய்வகங்களில் ஒரு பிடி கம்பளி, சிறிது படிகாரம், சிறிது மஞ்சிட்டி வேர் இவற்றுக்கும் இடம் வேண்டும். இயற்கையும் வேதியியலும் எதிரிகள் என்னும் மயக்கம் அந்தக் கொதிகலத்தின் முன் தானே தெளிந்துவிடும்.