விற்கும் சொல்லும் விலைபோன சொல்லும்

தமிழகக் கைவினைப் பொருள்களுக்குக் கை இருக்கிறது, வாய் இல்லை. கை தமிழனுடையது. வாயை ஆங்கிலத்துக்குக் குத்தகைக்கு விட்டாயிற்று. கைவினைக் கண்காட்சி ஒன்றனுள் நுழைந்து பார்ப்போர்க்கு இது விளங்கும். மானாமதுரை மண்பாண்டத்தின் கழுத்தில் ஒரு சீட்டு. செட்டிநாட்டு ஓலைக் கொட்டானின் காதில் ஒரு சீட்டு. பத்தமடைப் பாயின் விளிம்பில் ஒரு சீட்டு. மூன்றிலும் ஒரே தொடர்: ‘ஏண்டுமேடு வித் லவ்’. மண்ணும் ஓலையும் கோரையும் அச்சீட்டுக்கு ஒன்றுதான் போலும்!

தமிழ்ப்பற்று மிகுந்த கடைக்காரர் சிலர் அதனைத் தமிழாக்கியும் வைக்கின்றனர். ‘அன்போடு கையால் செய்யப்பட்டது’ என்பது அத்தமிழாக்கம். இத்தமிழுக்கு அவ்வாங்கிலமே மேல். ‘செய்யப்பட்டது’ எனின், யாரால்? செயப்பாட்டு வினைக்குள் செய்தவன் மறைந்துபோனான். பாய் முடைந்த பெண்ணும் இல்லை, அவள் ஊரும் இல்லை, அவள் அறிந்த நுட்பமும் இல்லை. எஞ்சியது அன்பு ஒன்றே. அன்பு யாரிடந்தான் இல்லை? நெகிழிக் குடம் வார்க்கும் ஆலைக்காரனும் தன் குடத்தின்மீது அன்பு உண்டென்று சீட்டொட்டலாம். அதைப் பொய்யென்று எந்த நடுமன்றமும் தீர்ப்புரைக்க இயலாது.

விற்பனைத் தொடரை அளந்து பார்க்கும் கோல் இதுவே. ஒரு தொடரைப் பொறியில் செய்த பொருளின்மேல் ஒட்டினாலும் அது பொய்யாகவில்லை என்றால், கைவினைக்கு அத்தொடர் உதவாது; கைவினையின் பகைக்கே உதவும். கைத்தறிக்கெனச் சில துணி வகைகளை ஒதுக்கி 1985-இல் நடுவணரசு சட்டம் இயற்றிற்று. ஒதுக்கியும் விசைத்தறிச் சேலை கைத்தறிச் சேலையாக நடித்துக் கடைக்கு வருவது நின்றபாடில்லை. நடிப்புக்கு வேண்டிய உடையைத் தைத்துக் கொடுப்பது எது? ‘மரபின் அழகு’, ‘தென்னகத்தின் எழில்’ என்பன போன்ற, எதற்கும் பொருந்தும் வெற்றுத் தொடர்களே. தறிக்குழி தூர்ந்துபோன தெருக்கள் நெசவூர்கள் பலவற்றில் உண்டு. அவற்றைத் தூர்த்தது விசைத்தறி மட்டும் என்று எண்ணுவது பாதி உண்மை. கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் உள்ள வேறுபாட்டை வாங்குவோன் காதில் போடாத வாய்க்கும் அதில் பங்குண்டு.

காஞ்சிபுரத்தில் கோர்வைச் சேலை என்பது ஒன்று. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். இரண்டும் சேரும் இடத்தில் இழையோடு இழையைக் கோத்து நெய்ய வேண்டும். அதற்கு மூன்று நாடா வேண்டும்; ஒருவர் கை போதாது, தறியில் இருவர் அமர்வர். ‘இருவர் கை, மூன்று நாடா’ என்று சீட்டில் எழுதினால் போதும். வாங்க வந்தவள் ‘அதென்ன மூன்று நாடா?’ என்று கேட்பாள். கேட்டவளுக்கு விடை சொல்லும்போதே பாதி விற்பனை முடிந்தது. விலை ஏன் அத்தனை என்பதும் அவளுக்கு அங்கேயே விளங்கிவிடும்.

சுவாமிமலை வார்ப்புக் கலைஞரின் பட்டறையிலோ தொடர்கள் தரையில் இறைந்து கிடக்கின்றன, பொறுக்குவார்தாம் இல்லை. தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் கலந்து உருவை முதலில் மெழுகில் வடிக்கின்றனர். தென்னங்கீற்றின் நறுக்கை மடித்து மடித்து அளவு குறிக்கின்றனர். மெழுகுருவின்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி உலர்த்திச் சூடேற்ற, மெழுகு உருகி ஓடிவிடுகிறது. அது விட்டுச் சென்ற வெற்றிடத்தில் செம்பும் பித்தளையும் ஈயமும் கலந்த குழம்பை ஊற்றுகின்றனர். ஆறியபின் மண் அச்சை உடைத்தால்தான் படிமம் வெளிவரும். உடைந்த அச்சு உடைந்ததே; மெழுகும் போயிற்று, மண்ணும் போயிற்று. அச்சு அசலாக அதே படிமம் இன்னொன்று பிறக்க வழியே இல்லை. ‘அச்சை உடைத்து எடுத்தது’ என்னும் மூன்று சொல் இதற்குப் போதாதா? ஆயிரம் உருவை ஒரே அச்சில் தள்ளும் ஆலை, இம்மூன்று சொல்லைத் தன் பொருளின்மேல் எழுதத் துணியுமா? இத்தனையும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க, அப்படிமங்களை ‘எத்தினிக் கலெக்சன்’ என்று அடுக்கி வைப்போரை என்னென்பது!

தஞ்சைத் தலையாட்டிப் பொம்மைக்கு இத்தொல்லையே இல்லை. அதன் பெயரே அதன் விற்பனைத் தொடர். அதையும் விட்டுவிட்டு ‘டான்சிங் டால்’ என்று எழுதி வைக்கின்றனர்.

உண்மையைச் சொல்லி விற்க இயலாது என்போர் ஒரு பழைய வரலாற்றை அறிதல் நன்று. 1950-களின் இறுதியில் சென்னையிலிருந்து கட்டம் போட்ட கைத்தறித் துணி அமெரிக்காவுக்குச் சென்றது. ‘புரூக்சு பிரதர்சு’ என்னும் பெயர்பெற்ற கடை அதில் ஆடை தைத்து விற்றது. வாங்கியோர் பொறியிலிட்டுத் துவைத்தனர். சாயம் கசிந்து ஒன்றோடொன்று கலந்தது. குறை கூவினர். விளம்பரக்காரர் அக்குறையை மறைக்கவில்லை. ‘சாயம் கசியும், உறுதி’ என்னும் பொருள்படும் தொடரைத் தலையிலே தூக்கி வைத்து விளம்பரம் செய்தனர். ஓகில்வி என்னும் விளம்பர வல்லுநர் பெயரோடு அத்தொடரைச் சேர்த்துச் சொல்வாரும் உளர். துவைக்குந்தோறும் நிறம் மாறுவது அத்துணியின் பெருமையாயிற்று. 1960-களில் அந்நாட்டு இளைஞர் அதைத் தேடித்தேடி வாங்கினர்.

ஆயினும் அத்தொடரில் சாயம் இருந்தது, நெய்தவன் இல்லை. நெய்தவன் பெயரும் ஊரும் மொழியும் அத்துணியோடு கப்பல் ஏறவில்லை. ஏறியது ‘மெட்ராசு’ என்னும் ஒரு பெயரே. கசியாத சாயத்தில் பொறியில் நெய்த கட்டத்துணி பின்னர் அதே பெயரில் வந்தபோது, ‘இஃது எங்களுடையதன்று’ என்று சொல்ல நெசவாளனிடம் ஒரு சொல்லும் இல்லை. 1996-இல் ஊர் சென்னை என்று தன் பெயரை மீட்டுக்கொண்டது. துணி இன்றும் வெளிநாட்டுக் கடைகளில் மெட்ராசாகவே தொங்குகிறது.

இனி இரக்கத் தொடர்களைப் பற்றி ஒரு சொல். ‘நலிந்த நெசவாளர்க்கு வாழ்வளிப்பீர்’ என்று எழுதும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிக் கிடக்கிறது. 1953-இல் கைத்தறித் துணி விலைபோகாமல் தேங்கியபோது அறிஞர் அண்ணா அதனைத் தோளிற் சுமந்து திருச்சித் தெருக்களில் விற்றார். அஃது இடர்க்காலத்துப் பணி; அதன் சிறப்பே வேறு. இடர்க்காலத்துக் குரலை எழுபது ஆண்டு கடந்தும் அன்றாடக் கடைவாயிலில் மாட்டி வைப்பது நெசவாளனை இரவலனாக்குவதே. இரங்கி வாங்குவோன் ஒருமுறை வாங்குவான். மறுமுறை தெருவை மாற்றிக்கொண்டு போவான். ஐம்பது நாள் முடைந்த பாய்க்கு ஐம்பது நாள் கூலி கேட்பதில் இரத்தல் எங்கே வந்தது?

அரசுகள் செய்வதோ விந்தையிலும் விந்தை. 2020-இல் தில்லி ‘வோக்கல் பார் லோக்கல்’ என்று முழங்கிற்று. உள்ளூர்ப் பொருளை வாங்கச் சொல்லும் முழக்கம் எந்த ஊர்ப் பேச்சிலும் இல்லை! அதன் எதுகை ஆங்கிலத்தில் மட்டுமே ஒலிக்கும்; தமிழில் பெயர்த்தால் பல்லில்லாத சீப்பு. தமிழகத்தில் 1935-இல் தோன்றிய நெசவாளர் கூட்டுறவுப் பேரமைப்பு இன்றும் ‘கோ-ஆப்டெக்சு’ என்றே வழங்குகிறது. கைவினைக் கழகமோ 1973-இல் அமைந்தபின் தன் கடைகளுக்குப் ‘பூம்புகார்’ என்று பெயரிட்டது. பூம்புகார் என்றதும் பழந்துறைமுகமும் அதன் அங்காடிகளும் தமிழன் நெஞ்சில் எழுகின்றன. கோ-ஆப்டெக்சு என்றதும் எழுவது யாது?

‘தமிழில் எழுதினால் தில்லியிலும் இலண்டனிலும் யார் வாங்குவர்?’ என்பது எதிர்த்தரப்பார் கடைசியாக எடுக்கும் படைக்கலம். யப்பானியர் கிமோனோவை வேற்றுப் பெயரிட்டா விற்றனர்? உலகமன்றோ அச்சொல்லைக் கற்றுக்கொண்டது. கட்டுமரமும் சுருட்டும் ஆங்கில அகரமுதலியில் ஏறியது யாரைக் கெஞ்சி? அயலான் வாங்குவானாயின் தமிழ்ப் பெயருக்குக் கீழே அவன் மொழியில் விளக்கம் எழுதுவதை எவரும் தடுக்கவில்லை. மேலே இருப்பது தமிழாயிருக்க வேண்டும், உண்மையாயிருக்க வேண்டும், அவ்வளவே. பொருளை ஓர் ஊரோடு பிணைக்கும் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-இல் இயற்றப்பட்டு 2003-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பதிவகமே சென்னையில்தான் இருக்கிறது. பத்தமடையும் சுவாமிமலையும் அக்குறியீட்டைப் பெற்றும் உள்ளன. பெற்ற குறியீட்டைப் பேழையில் பூட்டிவிட்டு ‘வித் லவ்’ என்று எழுதுவதற்குச் சட்டம் என்ன செய்யும்?

கூட்டுறவுக் கழகங்கள் அடுத்த முறை சீட்டு அச்சிடுமுன் ஒன்று செய்யட்டும். பத்தமடையில் கோரையைக் கீறிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் அத்தொடரைப் படித்துக் காட்டட்டும். ‘இஃது என் பாயைப் பற்றியதா?’ என்று அவள் கேட்டால், அச்சகத்துக்குப் போகாமல் அங்கேயே அமர்ந்து, அவள் தன் பாயைப் பற்றிச் சொல்வதை எழுதிக்கொள்ளட்டும்.