கற்கும் சங்கம் யார் காசில் நடக்க வேண்டும்?

மறைமலைநகரிலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் யந்திரத்திலும் கம்ப்யூட்டரிலும் ஆர்வம் கொண்ட வாலிபர்கள் ஏராளம். ஆலையில் ரோபோவை இயக்குபவர், செல்போன் பழுது பார்ப்பவர், ஐ.டி.ஐ.யில் படிக்கும் விவசாயத் தொழிலாளியின் மகள் என்று பலரும் தனித்தனியே தட்டுத்தடுமாறிக் கற்கிறார்கள். இவர்கள் ஒன்றுகூடிக் கற்க, லாப நோக்கமற்ற ஒரு சங்கம் தேவை.

இது பொழுதுபோக்குப் பிரச்னை அல்ல. இந்த ஊரிலுள்ள ஃபோர்டு கம்பெனி, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. 2022 ஜூலையில் இங்கிருந்து கடைசிக் கார் வெளிவந்தது. ஏறத்தாழ 2,600 தொழிலாளர்களின் பிழைப்பு கேள்விக்குறியாயிற்று. அதே ஆலையில் எஞ்சின் தயாரிக்கப்போவதாகவும், 2029இல் உற்பத்தி தொடங்கும் என்றும் 2025 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. ஆலையை மூடுவதும் திறப்பதும் முதலாளியின் கையில் இருக்கிறது. தொழிலாளி கற்ற வித்தையை மட்டும் எவராலும் பூட்டி வைக்க முடியாது. ஒரே திருகை வருஷக்கணக்கில் முடுக்கியவருக்கு அந்த வித்தையைக் கற்க இடம் எங்கே? அந்த இடத்தை நாமே உண்டாக்க வேண்டும்.

சங்கம் அமைப்பது மலையைப் புரட்டும் காரியமல்ல. 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் போதும். நோக்கத்தையும் விதிகளையும் எழுதி, நிர்வாகக் கமிட்டியைத் தேர்ந்தெடுத்து, ஜில்லாப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டிக் கணக்கை முன்வைக்க வேண்டும். மிச்சப் பணத்தை அங்கத்தினர்கள் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது. பதிவு செய்தாலே வரி விலக்கு வந்துவிடாது. அதற்கு வருமான வரி இலாகாவில் தனியே மனுச் செய்ய வேண்டும்.

பணம் எங்கிருந்து வரும் என்பதே முக்கியமான கேள்வி. பெரிய கம்பெனிகள் தங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் சொல்கிறது. அந்தப் பணமும் உழைப்பாளியின் வியர்வையில் விளைந்ததுதான்; அதைத் தீண்டக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அதை மட்டுமே நம்பிய சங்கத்தில் எதைக் கற்பிப்பது, யாரைச் சேர்ப்பது என்பதைக் கொடுப்பவரே தீர்மானிப்பார். அவர் கையை விரித்த அன்று கதவும் சாத்தப்படும்.

எனவே ஒரு விதி வகுத்துக்கொள்வோம். வாடகை, மின் கட்டணம், இணையக் கட்டணம் ஆகிய அன்றாடச் செலவுகள் அங்கத்தினர் சந்தாவிலிருந்தே நடக்கட்டும். நன்கொடை வந்தால் கருவிகள் வாங்கப் பயன்படட்டும். நூறு பேர் மாதம் 50 ரூபாய் கொடுத்தால் மாதம் 5,000, வருஷத்திற்கு 60,000 ரூபாய் சேரும். கூலி வேலை செய்பவர் பத்து ரூபாய் கொடுக்கட்டும். நல்ல சம்பளக்காரர் நூறு ரூபாய் கொடுக்கட்டும். ஓட்டு மட்டும் ஆளுக்கு ஒன்றுதான். மாதந்தோறும் வரவு செலவைச் சுவரில் ஒட்ட வேண்டும். ரசீது இல்லாமல் ஒரு காசும் வாங்கக் கூடாது.

செலவைக் குறைக்கவும் வழி உண்டு. லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளுக்கு லைசென்ஸ் பணம் கட்ட வேண்டியதில்லை. எவரும் அதைப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். பிறர் ஒதுக்கிய பழைய கம்ப்யூட்டரிலும் அது ஓடும்.

இதெல்லாம் நடக்குமா என்று சிலர் சந்தேகிக்கலாம். விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழுவின் தொண்டர்கள் கிராமப்புற மாணவர்களுக்கு இலவசமாகக் கம்ப்யூட்டர் பயிற்சி அளித்து வருகிறார்கள். கேரளத்தில் 1962இல் தோன்றிய சாஸ்திர சாகித்ய பரிஷத், தொண்டர்கள் புத்தகம் விற்றுச் சேர்த்த பணத்தைக் கொண்டு பெரும் மக்கள் இயக்கமாக வளர்ந்தது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

தொழிற்சங்கத்தைச் சந்தா கொடுத்து வளர்த்த அனுபவம் நமக்கு உண்டு. அந்த அனுபவம் இதற்கும் கைகொடுக்கும். பெரிய கட்டிடத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒரு கம்ப்யூட்டர், ஒரு ரசீதுப் புத்தகம், ஏழு பேர் இருந்தால் வரும் ஞாயிற்றுக்கிழமையே முதல் கூட்டத்தைக் கூட்டலாம். கூட்டுங்கள்!