காகிதம் கொடுத்தால் கடமை தீர்ந்ததா?



சென்ற ஆண்டு ஒரு மாலை நேரம். நம் சங்க அலுவலகத்துக்கு ஒரு தாய் வந்தார். போளூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, திருப்பதியில் கட்டட வேலையில் சித்தாளாக இருப்பவர். இடுப்பில் பதினான்கு மாதக் குழந்தை. தடுப்பூசி அட்டைக்குள் நான்காக மடித்து வைத்திருந்த ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து நீட்டினார். "இதுல என்ன போட்டிருக்குன்னு பாருங்கண்ணே. கூப்புட்டா புள்ளை திரும்பவே மாட்டேங்குது" என்றார்.

காகிதத்தில் இருந்தது ஒரே ஆங்கிலச் சொல்: 'ரெஃபர்'. தேதி, குழந்தை பிறந்த மூன்றாம் நாள்.

பதினான்கு மாதம் அந்தக் காகிதம் பெட்டிக்குள் கிடந்திருக்கிறது. மறுபடி எங்கே போக வேண்டும், எப்போது போக வேண்டும், போகாவிட்டால் என்ன நேரும் என்று அந்தத் தாய்க்குப் புரியும் மொழியில் ஒருவரும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னார்கள், போய்விட்டார். அந்த மருத்துவமனையின் பேரேட்டில் மட்டும் 'சோதனை செய்யப்பட்டது' என்ற கணக்கு ஒன்று ஏறியிருக்கும்.

இதைத்தான் கேட்கிறோம்: காகிதம் கொடுத்துவிட்டால் கடமை தீர்ந்ததா?

முதலில் அந்தச் சொல்லின் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். பச்சிளங் குழந்தையின் காதில் சிறு முனை ஒன்றைச் செருகி மெல்லிய ஒலியை அனுப்புகிறார்கள். உட்காது நன்றாக இருந்தால் பதிலுக்கு ஒரு நுண்ணிய ஒலியைத் திருப்பி அனுப்பும். கருவி அதைப் பதிவு செய்யும். இதற்கு ஓ.ஏ.இ. சோதனை என்று பெயர். பதில் ஒலி கிடைக்காவிட்டால் 'ரெஃபர்' என்று காட்டும். 'மீண்டும் பார்க்க வேண்டும்' என்பதுதான் அதற்குப் பொருள். குழந்தை செவிடு என்பது பொருளே அல்ல. பிறந்த புதிதில் காதுக்குள் அழுக்கோ நீரோ தங்கியிருந்தாலும் கருவி இப்படியே காட்டும். முதல் சோதனையில் ரெஃபர் ஆகும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு மறுசோதனையில் காது நன்றாகவே கேட்கிறது. ஆகவே பயந்து அழ வேண்டியதில்லை.

ஆனால் பெட்டியில் போட்டு மூடவும் கூடாது. ஆயிரம் குழந்தைகளில் ஒன்றிரண்டு முதல் சில குழந்தைகள் வரை உண்மையான செவிக்குறையோடு பிறக்கின்றன. அந்தச் சில குழந்தைகளுக்கு ஒவ்வொரு மாதமும் பொன். முதல் மாதத்துக்குள் சோதனை, மூன்றாம் மாதத்துக்குள் உறுதிசெய்தல், ஆறாம் மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பது உலக மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட ஒன்று–மூன்று–ஆறு கணக்கு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கிறிஸ்டின் யோஷினாகா-இட்டானோவும் அவரோடு பணியாற்றியவர்களும் 1998 இல் வெளியிட்ட ஆய்வு, ஆறு மாதத்துக்குள் கண்டறியப்பட்டு உதவி பெற்ற குழந்தைகள், பிந்திக் கண்டறியப்பட்டவர்களைவிட மொழியில் தெளிவாக முன்னே நின்றதைக் காட்டியது.

ஏன் இந்த அவசரம்? ஏழாம் மாதத்தில் நம் பெண்களுக்கு வளைகாப்பு இடுகிறோம். அந்த வயதில் வயிற்றுப் பிள்ளையின் காது கேட்கத் தொடங்கிவிடுகிறது. பேச்சு வருவதற்கு வெகு முன்னமே மூளை மொழியைச் சேர்க்கத் தொடங்கிவிடுகிறது. கேளாத குழந்தைக்கு அந்த வழி மூடியிருக்கிறது. கருவியோ சைகை மொழியோ கொடுத்து வேறு வழியைத் திறக்க வேண்டும். திறக்காமல் கழியும் மாதங்கள் திரும்பி வருவதில்லை.

இப்போது நம் எதிர்த்தரப்பார் என்ன சொல்கிறார்கள்? "கருவி வாங்கியிருக்கிறோம். திட்டம் போட்டிருக்கிறோம். இந்த ஜனங்கள் மறுபடி வருவதில்லை. படிப்பறிவு கிடையாது. அலட்சியம்!" என்கிறார்கள்.

அலட்சியமாம்! மறுசோதனைக்கு வர வேண்டுமானால் ஒரு சித்தாள் என்னென்ன இழக்க வேண்டும் என்று இவர்கள் என்றைக்காவது எண்ணிப் பார்த்ததுண்டா? அன்றைய கூலி போகும். துணைக்கு வரும் கணவனின் கூலியும் போகும். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வராவிட்டால் மேஸ்திரி வேறு ஆளை எடுத்துக்கொள்வார். சித்தூரிலிருந்து திருப்பதிக்கு எழுபது கிலோமீட்டர். பச்சைக் குழந்தையோடு பேருந்தில் போய் வரிசையில் நின்றால், 'இன்றைக்குக் காது டாக்டர் இல்லை, அடுத்த வாரம் வா' என்பார்கள். பெரா சோதனைக்குக் குழந்தை தூங்க வேண்டும். தூங்கவில்லை என்றால் இன்னொரு நாள், இன்னொரு கூலி. மாங்கூழ் ஆலையில் பருவம் முடிந்தால் குடும்பமே வேறு ஊருக்குப் பெயர்கிறது. மருத்துவமனைப் பேரேட்டில் இருக்கும் முகவரியில் அப்போது யார் இருப்பார்கள்? இதற்குப் பெயர் அலட்சியமா? வறுமையை அலட்சியம் என்று எழுதிக்கொள்ளும் பேனாவுக்குத்தான் அலட்சியம் என்று பெயர்.

அடுத்தது கார்டு. செவிக்குறை உறுதியாகி, கருவியாலும் போதிய பயன் இல்லையென்றால், காக்ளியர் கருவியை அறுவைச் சிகிச்சை செய்து பொருத்துவார்கள். பல லட்ச ரூபாய் விவகாரம். ஏழைகளுக்காக ஆந்திரத்தில் 2007 இல் ஆரோக்யஸ்ரீ வந்தது. அதில் இந்தச் சிகிச்சை உண்டு. தமிழ்நாட்டு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் உண்டு. இரண்டையும் வரவேற்கிறோம். ஆனால் நம் குழந்தை எந்தத் திட்டத்துப் பிள்ளை? பிறப்புச் சான்றிதழ் ஆந்திரத்தில். ரேஷன் கார்டு திருவண்ணாமலையில். அந்தக் கார்டிலோ குழந்தையின் பெயரே ஏறவில்லை. இங்கே கேட்டால் 'தெல்ல கார்டு எங்கே?' என்கிறார்கள். அங்கே கேட்டால் 'இங்கே குடியிருக்கிறாயா?' என்கிறார்கள்.

1953 இல் ஆந்திரம் தனி மாநிலமாயிற்று. 1960 இல் படாஸ்கர் பரிந்துரைப்படி திருத்தணி தமிழகம் சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. 2022 இல் பழைய சித்தூர் மாவட்டமும் பிரிந்து திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடு போடுகிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும், நமக்கு வழக்கில்லை. ஆனால் 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' என்று சொல்லி, நம் அரிசி எந்த மாநிலத்திலும் கிடைக்க வழி செய்தார்களே! அரிசிக்கு எல்லை கடக்கத் தெரிகிறது. சிசுவின் சிகிச்சைக்கு மட்டும் தெரியாதா? தமிழ்நாட்டுத் திட்டத்தில் ஒரு விதி உண்டு: ஆறு மாதத்துக்கு மேல் தங்கியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளரை, தொழிலாளர் துறை தரும் பட்டியலின்படி சேர்த்துக்கொள்ளலாம். அந்த விதி அங்கே ஒழுங்காக நடக்க வேண்டும் என்று வடநாட்டுத் தோழர்களுக்காகவும் குரல் கொடுப்போம். அதே நியாயத்தை இங்கே நமக்கும் கேட்போம்.

மூன்றாவது மொழி. இதில் மிகக் கவனமாகப் பேச வேண்டும். நமக்குத் தெலுங்கு மக்கள் பகைவர்கள் அல்லர். அவர்களுடைய ஏழைத் தாயும் இதே 'ரெஃபர்' காகிதத்தோடுதான் வீடு திரும்புகிறாள். ஆனால் ஒரு செய்தி. கேளாத குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சி வாரம் ஒரு மணி நேரம் மருத்துவமனையில் நடக்கும். மீதி நேரமெல்லாம் வீட்டில் தாயிடம்தான் நடக்கும். தாய் எந்த மொழியில் கொஞ்சுகிறாளோ, திட்டுகிறாளோ, தாலாட்டுகிறாளோ, அந்த மொழியில்தான் குழந்தைக்கு வளமாகக் கொடுக்க முடியும். அரைகுறையாகத் தெரிந்த தெலுங்கில் பேசு என்று ஒரு தமிழ்த் தாயிடம் சொன்னால், அவள் வாயையும் சேர்த்துக் கட்டியதாகும். சித்தூர் எல்லையில் தமிழும் தெலுங்கும் தெரிந்த செவிலியர்களுக்கும் ஆஷா பணியாளர்களுக்கும் பஞ்சமா? அவர்களில் ஒருவரை இந்தப் பணியில் அமர்த்த என்ன தடை?

அரசைக் கேட்டதுபோல் நம்மையும் கேட்டுக்கொள்வோம். வீட்டுக்கு வந்த காகிதத்தை நாம் என்ன செய்கிறோம்? "இவன் தாத்தாவே அஞ்சு வயசுலதான் பேசினார்" என்கிறோம். குழந்தையின் பின்னால் நின்று தட்டைத் தட்டிப் பார்த்து, "திரும்பிட்டான், காது கேக்குது" என்கிறோம். தட்டின் நிழலுக்கும் தரையின் அதிர்வுக்கும்கூடக் குழந்தை திரும்பும். காது கேளாத குழந்தையும் முதல் மாதங்களில் 'ஊ' 'ஆ' என்று ஒலி எழுப்பும். வீட்டுச் சோதனையை நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம்.

அதைவிடக் கொடியது ஒன்று. குறை உறுதியானதும் மாமியார் முதல் பக்கத்து வீடு வரை அந்தத் தாயைச் சுட்டுகிறார்கள்: கிரகணத்தில் வெளியே வந்தாள், எவர் சாபமோ, அவள் வயிற்றின் கோளாறு! கேளுங்கள்: சொந்தத்தில் மணம் முடிக்கும் வழக்கத்தால் பிறவிச் செவிக்குறை வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மை. ஆனால் அவ்வகைக் குறை பெரும்பாலும் தாய், தந்தை இருவர் வழியாகவும் சேர்ந்து வருவது. கர்ப்பத்தில் வந்த ருபெல்லா அம்மை, குறைமாதப் பிறப்பு, கடும் மஞ்சள் காமாலை என்று வேறு காரணங்களும் உண்டு. ஒருத்தியைக் குற்றவாளி ஆக்கி ஓராண்டைக் கழிப்பதால் குழந்தைக்கு ஒரு சொல்கூட வராது. 'ஊமை' என்று பெயர் வைப்பதையும் நிறுத்துவோம். அந்தப் பிள்ளைக்குக் குரல் இருக்கிறது. மொழியைக் கொண்டுபோய்ச் சேர்க்காதவர்கள் நாம்.

துணை நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. சென்னையில் 1969 இல் தொடங்கிய பால வித்யாலயா, கேளாத சிறு குழந்தைகளுக்கான பள்ளி. அங்கே குழந்தையோடு தாயும் வகுப்பில் உட்கார்ந்து கற்கிறார். குடும்பத்தைத் தயார் செய்வதே பாதி வேலை என்று அவர்கள் அன்றைக்கே கண்டார்கள். சித்தூருக்குப் பக்கத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஆயிரக்கணக்கான பச்சிளங் குழந்தைகளைச் சோதித்து, அந்த அனுபவத்தை மருத்துவ ஏட்டில் எழுதியிருக்கிறார்கள். திருப்பதியில் தேவஸ்தானம் காது கேளாதோர் பள்ளி நடத்துகிறது, பாராட்டுகிறோம். ஆனால் பிறந்த மூன்றாம் நாளுக்கும் பள்ளி வயதுக்கும் இடையே உள்ள ஆண்டுகளில் குழந்தையின் கையை யார் பிடிப்பது? மத்திய அரசு 2013 இல் தொடங்கிய குழந்தைகள் நலத்திட்டத்தில் பிறவிச் செவிக்குறையும் சேர்க்கப்பட்டிருக்கிறது. மாவட்டந்தோறும் ஆரம்பகால இடையீட்டு மையம் வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இருக்கிறது. எழுத்துக்குக் குறைவில்லை. எழுத்தையும் சித்தாளின் குடிசையையும் இணைக்கும் ஓர் ஆள்தான் இல்லை.

ஆகவே நம் கோரிக்கைகள்:

1. 'ரெஃபர்' ஆன ஒவ்வொரு குழந்தைக்கும், வீட்டுக்கு அனுப்பும் முன்பே மறுசோதனையின் இடம், நாள், நேரம் குறித்துத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதித் தர வேண்டும். வாயாலும் விளக்க வேண்டும்.

2. ஒரு பணியாளர் பெயர் சொல்லிப் பொறுப்பேற்க வேண்டும். குடும்பம் வராவிட்டால் அவர் தேடிப் போக வேண்டும். சித்தூர், திருப்பதி என்ற மாவட்டக் கோடு அதற்குத் தடையாகக் கூடாது.

3. பிரசவம் முடிந்து தாயையும் சேயையும் வீட்டில் விட 'தல்லி–பிட்டா' வண்டி வருகிறதே, அதே வண்டி மறுசோதனைக்கும் அழைத்து வர வேண்டும்.

4. கட்டடச் செலவில் தொழிலாளர் பெயரால் வசூலாகும் ஒரு விழுக்காடு நலவரியிலிருந்து, சோதனைக்கும் பயிற்சிக்கும் வரும் நாட்களுக்குப் பெற்றோருக்குக் கூலி தர வேண்டும்.

5. ஆறு மாதம் இங்கே உழைத்த குடும்பத்தின் குழந்தைக்கு, எந்த மாநிலக் கார்டு இருந்தாலும், கருவியும் அறுவைச் சிகிச்சையும் பயிற்சியும் மறுக்கப்படக் கூடாது. கருவியின் பேட்டரிக்கும், குழந்தை வளர வளர மாற்ற வேண்டிய காது அச்சுக்கும் சேர்த்தே பொறுப்பேற்க வேண்டும்.

6. பேச்சுப் பயிற்சியோ சைகை மொழியோ, எதுவானாலும் இருவழிகளையும் பெற்றோருக்குத் தாய்மொழியில் எடுத்துச்சொல்லி, குடும்பத்துக்கே கற்பிக்க வேண்டும்.

இவை வரும்வரை நாம் கைகட்டி நிற்பதில்லை. ஒவ்வொரு கிளையிலும் ஒரு பெண் தோழர், அந்த வட்டாரத்தில் பிறக்கும் குழந்தைகளின் சோதனைக் காகிதத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும். 'ரெஃபர்' என்று இருந்தால் அன்றே நாள் குறிக்கட்டும். தாய் தனியே போகக் கூடாது. கூட ஒருவர் போக வேண்டும். குழந்தையின் பெயரைக் கார்டில் சேர்ப்பதையும் அதே வாரத்தில் முடிக்கட்டும். சாலையில் நம்மவர் அடிபட்டால் பத்துப் பேர் ஓடுகிறோமே, இதற்கும் ஓடுவோம்.

அந்தப் போளூர்த் தாயின் குழந்தைக்கு இப்போது இரு காதிலும் கருவி இருக்கிறது. பயிற்சிக்குப் போய் வருகிறார்கள். தாமதம்தான், ஆனாலும் தொடங்கியிருக்கிறது. "அன்னிக்கே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." என்று அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு இன்னும் நம்மிடம் பதில் இல்லை.

தோழர்களே, இன்றிரவு வீட்டில் பெட்டியைத் திறந்து பாருங்கள். தடுப்பூசி அட்டைக்குள் அப்படி ஒரு காகிதம் மடிந்து கிடந்தால், நாளைக் காலை முதல் வேலை அதுதான். கிளைத் தோழரைக் கூப்பிடுங்கள், கூட வருவோம்.