வட்டம் மூடவில்லையா?

பெயர்ப்பலகைக் கடையில் லேசர் எந்திரம் விலகி வெட்டினால் முதல் பழி டிசைன் ஃபைல் மேல் விழுகிறது. சாஃப்ட்வேரில் எண்களை மாற்றி மாற்றி அக்ரிலிக் ஷீட்டை வீணாக்குகிறார்கள். இது தலைகீழ் வைத்தியம் என்பேன். மவுஸைத் தொடுமுன் பெல்ட்டைத் தொட்டுப் பாருங்கள். ஒரு சின்ன வட்டம் வெட்டுங்கள். தொடங்கிய இடத்தில் வந்து சேராமல் மயிரிழை விலகி நின்றால், பெரும்பாலும் பெல்ட் தொய்ந்திருக்கும், அல்லது மோட்டார் தண்டில் புல்லியைப் பிடித்திருக்கும் குட்டி ஸ்குரூ தளர்ந்திருக்கும். சாதாரண ஸ்டெப்பர் மோட்டார் எந்திரத்துக்கு லென்ஸ் தலை உண்மையில் எங்கே நிற்கிறது என்று தெரியாது. கட்டளை நிறைவேறிவிட்டதாகவே நம்பி அடுத்த வேலைக்குப் போய்விடும். 2 மி.மீ. பல் இடைவெளி கொண்ட பெல்ட் ஒரு பல் தாண்டினால், அதன்பின் விழுவதெல்லாம் 2 மி.மீ. தள்ளித்தான் விழும். எந்த ஃபைலைத் திருத்தியும் அது சரியாகாது. ஒரு மூலையில் மட்டும் வெட்டு ஆழம் குறைகிறதா? அது பெரும்பாலும் கதிரைத் திருப்பும் கண்ணாடிகளின் கோணக் கோளாறு. லென்ஸ் தலையின் வாயில் மாஸ்கிங் டேப் ஒட்டி, நான்கு மூலைகளிலும் ஒரு பல்ஸ் அடியுங்கள். பொசுங்கிய புள்ளி எங்கும் ஒரே இடத்தில் விழவேண்டும். ஒரு வேண்டுகோள்: கார்பன் டை ஆக்சைடு லேசரின் 10.6 மைக்ரோமீட்டர் கதிர் கண்ணுக்குத் தெரியாது. அவசரத்துக்காக மூடியின் பாதுகாப்பு ஸ்விட்சைக் கட்டிவைத்துவிட்டு, திறந்தபடி சோதிக்காதீர்கள்.