தொடுமுன் கை கழுவுங்கள்

கீழ்பென்னாத்தூரில் எனக்கு நகைக்கடன் மேசை. எங்க காலனி அக்கா ஒருத்தி கம்மலைக் கழற்றி வைத்தாள். "போட்ட மருந்து எதுக்கும் கேக்கலையாம் தம்பி. ஊசி வெளியே வாங்கணுமாம்." பிறந்து ஒன்பது நாள். ஆஸ்பத்திரி வாசலையே தாண்டாத பிள்ளை. அதையும் 'சேரி அழுக்கு' என்றாராம் அங்கே ஒருவர்.

2011 முதல் 2014 வரை டெல்லியின் மூன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் பச்சைக் குழந்தைகளை ஆராய்ந்தார்கள். அதிகம் பிடிபட்ட கிருமி அசினிடோபாக்டர். அதில் 82 சதவீதம் பல மருந்துகளுக்கு மசியாதது. அதை வளர்த்தது சேரியா? மூச்சுக்குழாய், கழுவாத கை, கண்டபடி கொடுத்த மருந்து.

தொட்டால் தீட்டு என்றவர்களே, எங்க பிள்ளையைத் தொடுமுன் கை கழுவுங்கள். வார்டு துடைக்கும் எங்க பெண்ணுக்குக் கையுறையும் நிரந்தர வேலையும் கொடுங்கள்.