என் முகத்தைக் கல்லில் வெட்ட வேண்டாம்



பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் பார்த்தேன். ஆலங்காயத்தில் நாம் படித்த, படிப்பித்த பள்ளியின் வாசலில் வைக்கப்போகும் கருப்பு கிரானைட் பலகையின் மாதிரியாம். மேலே, அதிகம் நன்கொடை தந்தவர்களின் முகங்கள் பெரிதாக. கீழே சிறிதாக ஆசிரியர்கள் நாங்கள். லேசரில் பொறித்தால் போட்டோ மாதிரியே இருக்குமாம். அதில் என் முகமும் இருக்கிறது. தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

கல்லில் உருவம் வெட்டுவது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. ஜவ்வாது மலைக்கு அந்தப் பக்கம் செங்கம் வட்டாரம் நடுகல்லுக்குப் பேர்போனது. தொல்லியல் துறை 1972-லேயே அவற்றைப் புத்தகமாகப் போட்டது. அதில் எடுத்தனூர் கல் ஒன்று. மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டு. எருமை மந்தைக்காக நடந்த சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற சேவகன் வில்லும் குறுவாளுமாக நிற்கிறான். கூடவே அவன் நாய், பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்ததாம். நாய்க்கும் உருவம், நாய்க்கும் பெயர்!

அந்தக் கல்லிலும் அந்தஸ்து உண்டு, மறுக்கவில்லை. அவன் யாருடைய சேவகன் என்று எழுதித்தான் இருக்கிறது. ஆனால் ராஜாவின் பெயர் வருஷக் கணக்குக்கு மட்டும். உருவம் உயிர் கொடுத்தவனுக்கு.

"பணம் கொடுத்தவரைக் கௌரவிக்காவிட்டால் நாளைக்கு யார் சார் கொடுப்பார்கள்?" என்று கேட்பீர்கள். மேடையில் பெயர் சொல்லுங்கள், சால்வை போடுங்கள். முகத்தின் அளவை ரூபாய்க் கணக்கில் வைக்காதீர்கள். அதைத் தினமும் பார்த்துக்கொண்டு உள்ளே போகப்போவது ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் ஒரு அம்மாவின் பிள்ளை. பெரிய தொகை என்றால்தான் பெரிய மனுஷன் என்று அந்தக் கல் அதற்குப் பாடம் நடத்தும். நாங்கள் நடத்திய பாடமெல்லாம் எதற்கு?

பலகையில் யார் இல்லை என்று பார்த்தீர்களா? சத்துணவு ஆயாம்மா இல்லை. விறகுப் புகையில் கண் எரிய உங்களுக்குச் சோறாக்கியவர். எந்தப் பிள்ளை வீட்டில் நேற்று அடுப்பு எரியவில்லை என்று எனக்கு முன்னால் அவருக்குத் தெரியும். அந்தத் தட்டில் ஒரு கரண்டி கூடுதலாக விழும். சாப்பிட்டவர்கள் சிலர் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அவர் போட்டோ யாரிடமும் இல்லை என்று ஒருவர் சொன்னார். நடுகல் வெட்டியவன் எந்தப் போட்டோவைப் பார்த்தான்? கையில் கரண்டியோடு ஒரு உருவம், கீழே அவர் பெயர். பார்த்தவுடன் உங்களுக்குத் தெரியாதா?

அப்படி ஒரு கல் வைப்பதானால் என் ஒரு மாதப் பென்ஷன் தருகிறேன். என் பெயர் வேண்டாம்.

லைக் போட்டுவிட்டுப் போகாதீர்கள். பதில் எழுதுங்கள்.

உங்கள் சார்